எவர்சில்வர் டம்ளர் விருதுகள்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில், லிங்கராஜபுரத்தில் வசிக்கும் ஆட்டோ ஓட்டுநரான உறுப்பினர் ஒருவர், 2025ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படங்களைக் குறித்து ஆற்றிய உரை. கூட்டத்தினரின் வேண்டுகோளுக்கிணங்க முழுமையாக வெளியிடுகிறோம்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தோழர்களே, பொங்கல் பொங்குவதற்கு முன்பே கரும்பைத் தீர்த்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் கனமான விஷயங்களைப் பேசினார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, ஒப்பந்தத் தொழிலாளியிடம் பி.எப். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது, தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வராமல் போவது – எல்லாம் வேண்டிய பேச்சுத்தான். நானோ சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அரசியல் பேசுகிற சங்கத்தில் சினிமா எதற்கு?' என்று ஒரு தோழர் செயலாளரிடம் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் கூடத்துக்கு இருபது பேர் வருகிறோம். அதே நேரத்தில் சினிமாக் கொட்டகையிலும் டி.வி. முன்னாலும் நம் ஜனங்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தத் தோழரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஜனங்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போய்ப் பேசு என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? (சிரிப்பு)

நான் பேச்சாளன் அல்ல, ரசிகன். என் ஆட்டோவின் பின்பக்கத்தில் சங்கர் நாக் படம் இருக்கிறது. 1980இல் 'ஆட்டோ ராஜா' படத்தில் ஆட்டோக்காரராக நடித்தவர் அவர். 1990இல் விபத்தில் இறந்தார். இன்றைக்கும் பெங்களூர் ஆட்டோக்காரனுக்கு அவர்தான் குலதெய்வம். உள்ளே கண்ணாடிக்கு மேலே 1995ஆம் வருஷத்து 'பாட்சா' ரஜினி. வெளியே கன்னடம், உள்ளே தமிழ். நம் வீடுகளும் அப்படித்தானே இருக்கின்றன?

என் விருதுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அரசாங்கம் தேசிய விருது கொடுக்கிறது, பத்திரிகைகள் கொடுக்கின்றன, நகைக்கடைக்காரர்கூடக் கொடுக்கிறார். காசு கொடுத்துப் படம் பார்க்கிறவன் மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? ஆகவே வருஷா வருஷம் சிவாஜிநகரில் எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்துப் படத்தின் பெயரை வெட்டிக்கொண்டு வருகிறேன். கமல்ஹாசனோ ரஜினிகாந்தோ வந்து வாங்கப்போவதில்லை. அவர்கள் சார்பில் இந்தக் கூடத்தில் இருக்கிற ஒரு குடும்பம் வாங்கிக்கொள்ளும். டம்ளர் அவர்கள் வீட்டுக்கே. விதி ஒன்றுதான்: நான் சொந்தக் காசு கொடுத்துப் பார்த்த படமாக இருக்க வேண்டும். அந்த விதியை இந்த வருஷம் ஒரு படத்துக்காக மீறியிருக்கிறேன். அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் சின்ன டம்ளர்கள்.

பழைய சோற்றை நன்றாகத் தாளித்துப் போட்டதற்கான விருது, அஜித் நடித்த 'குட் பேட் அக்லி' படத்துக்கு. (விசில்) விசில் அடிக்கிற தம்பி, உனக்குத்தான் டம்ளர், மேடைக்கு வா. படம் முழுக்கப் பழைய பாட்டு, பழைய வசனம், பழைய அஜித். நானும் கை தட்டினேன், பொய் சொல்லவில்லை. வெளியே வந்தபின் கதை என்ன என்று என் மனைவி கேட்டாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டுகளுக்காக இளையராஜா நீதிமன்றம் போனார். கடன் வாங்கித் தாளித்தாலும் அரிசிக்காரரைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் அல்லவா?

சம்பளம் வராததை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்த புருஷன் விருது, 'குடும்பஸ்தன்' மணிகண்டனுக்கு. ஜனவரியில் வந்த கோயம்புத்தூர்க் கதை. வேலை போனதை மறைத்து, கடனுக்கு மேல் கடன் வாங்கி, காலையில் வேலைக்குப் போகிறவன் போலக் கிளம்புகிறவன். இதை யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். கேட்டால் இந்தக் கூடத்தில் பாதி ஆண்பிள்ளைகள் தலையைக் குனிய வேண்டிவரும். (சிரிப்பு) டம்ளரை மேஜை மேல் வைக்கிறேன். யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல அப்பா விருது, 'பைசன்' படத்தில் நடித்த பசுபதிக்கு. மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த படம். 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் கணேசன். பையன் ஓட வேண்டும், ஆனால் அடிபட்டுச் சாகக் கூடாது என்று ஒவ்வொரு காட்சியிலும் அந்த அப்பாவின் கண் பதறுகிறது. கதாநாயகனை விட்டுவிட்டு அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, வாசலில் நின்ற குழந்தைகள் விருது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரஜினி சினிமாவுக்கு வந்து 2025 ஆகஸ்டோடு ஐம்பது வருஷம். நம் ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவரும் பிழைப்புத் தேடி ஊர் விட்டுப் போனவர்தான். நாம் வந்த திசைக்கு எதிர்த்திசையில் போனார், அவ்வளவே. அந்த ஆகஸ்ட் 14ஆம் தேதி 'கூலி' வந்தது. என் தங்கச்சி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போனேன். எந்த மல்டிபிளெக்ஸ் என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒன்றுதான். டிக்கெட் ஒன்று 700 ரூபாய். வாசலில் பரிசோதிக்கிற பையன் என் மருமகன்கள் இருவரையும் பார்த்தான். ஒருவனுக்குப் பதினொன்று, இன்னொருவனுக்கு எட்டு. இரண்டு பேரும் ரஜினி படம் போட்ட பனியன். "ஸார், ஏ சர்டிபிகேட் படம். பதினெட்டு வயசு ஆகணும்" என்றான்.

பையன் மேல் தப்பில்லை, சட்டம் அதுதான். யு/ஏ வேண்டும் என்று பட நிறுவனமே பிறகு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தது, கிடைக்கவில்லை. தங்கச்சியும் மச்சானும் உள்ளே போனார்கள். நான் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தேன். சின்னவன் சுவரில் காதை வைத்து, "மாமா, இப்போ தலைவர் வந்துட்டாரு, சத்தம் கேக்குது" என்றான். உள்ளே வெட்டுக்குத்து நடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

எம்.ஜி.ஆர். படத்துக்கும் அந்தக் காலத்து ரஜினி படத்துக்கும் என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனார். அல்சூர் லாவண்யாவில் பெஞ்சு டிக்கெட். குடும்பத்தோடு போகிற இடம் என்பதால்தான் அது நமக்குக் கோவில் மாதிரி ஆயிற்று. இப்போது ஒற்றைத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. 1974இல் திறந்த காவேரி தியேட்டரை 2024இல் மூடிவிட்டார்கள். மிஞ்சுவது ஏ.சி. மாளிகைகள். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு வரம்பு கட்டியிருக்கிறது. கர்நாடக அரசும் 2025 மார்ச் பட்ஜெட்டில் 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அறிவித்தது. செப்டம்பரில் விதியும் போட்டது. அந்த மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது. தமிழ்ப் படம் பார்க்கிறவனுக்காக மட்டும் சொல்லவில்லை. கன்னடத் தொழிலாளி கன்னடப் படம் பார்க்கப் போனாலும் இதே 700 ரூபாய்தான். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

படத்துக்குப் பெயர் 'கூலி'. கூலிக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பார்க்க முடியாத விலை. டம்ளர் என் மருமகன்களுக்கு. வாங்கடா இரண்டு பேரும். ஒரு டம்ளர்தான், அடித்துக்கொள்ளாதீர்கள். (கைதட்டல்)

வாடகை வீட்டுக்காரர் விருது '3 பி.எச்.கே.' படத்துக்கு. சரத்குமாரும் தேவயானியும் சித்தார்த்தும் ஒரு வீடு வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். சேர்ந்ததும் வீட்டு விலை ஏறிவிடுகிறது. மறுபடி சேர்க்கிறார்கள், படிப்பு, ஆஸ்பத்திரி, பெண்ணின் கல்யாணம் வந்து கொண்டுபோய்விடுகிறது. படத்தில் இருபது வருஷம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், முன்பின் தெரியாதவர், இடைவேளையில் என்னிடம் திரும்பி, "நான் ஒம்பது வீடு மாறிட்டேங்க" என்றார். நான் ஏழு. பத்து மாச வாடகை அட்வான்ஸ், காலி பண்ணும்போது பெயிண்ட் அடித்ததற்கு ஒரு மாசம் கழிப்பு. இதையெல்லாம் அந்தப் படம் காட்டவில்லை. ஆனால் காட்டினது போலவே இருந்தது. டம்ளர், இந்த மாதம்தான் வீடு மாறின நம் பொருளாளர் குடும்பத்துக்கு.

ராம் எடுத்த 'பறந்து போ' படத்துக்கு என் மனைவி விருது கொடுக்கச் சொன்னாள். காரணத்தையும் அவளே சொன்னாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக, பையனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள் அந்தப் படத்தில். அவள் கார்மென்ட்ஸில் வேலை செய்த பதினாறு வருஷத்தில் எங்கள் பெண்ணை எத்தனை நாள் அப்படிப் பூட்டினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். படத்தில் அப்பனும் பிள்ளையும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விடுகிறார்கள். நாங்கள் போகவில்லை. எங்கள் பெண் பெரியவளாகிவிட்டாள். அவளும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. டம்ளரை அவளிடமே கொடுக்கிறேன்.

'இட்லி கடை'க்கு ஒரு டம்ளர் உண்டு, ஆனால் அரை மனசோடு. தனுஷ் பாங்காக்கில் பெரிய முதலாளியிடம் வேலை செய்கிறார். ஊரில் அப்பா ராஜ்கிரண் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அப்பா இறந்தபின் பையன் வேலையையும் வசதியையும் உதறிவிட்டு ஊருக்கே வந்து அடுப்பு மூட்டுகிறார். தியேட்டரில் அழாத ஆள் இல்லை; எனக்கும் கண் கலங்கிற்று. வெளியே வந்து ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் கேள்வி வந்தது. திரும்பிப் போக அந்தப் பிள்ளைக்கு ஒரு கடை இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து என் அப்பா கிளம்பினபோது அங்கே கடையும் இல்லை, காணியும் இல்லை. இருந்திருந்தால் ஏன் கிளம்புகிறார்? ஊரை விட்டுப் போனவன் ஏதோ தப்புப் பண்ணினவன் மாதிரியும், திரும்பி வந்தால் பாவம் கழிந்துவிடும் என்பது மாதிரியும் தமிழ் சினிமா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. போனவன் ஏன் போனான் என்று கேட்கிற படம் குறைவு. அப்பன் தொழிலையே பிள்ளையும் செய்ய வேண்டும் என்கிற பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தெந்தத் தொழிலுக்கு அதைச் சொல்லிச் சொல்லி நம்மை உட்கார வைத்தார்கள் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ராஜ்கிரண் இட்லி வேகவைக்கிற பக்குவத்துக்காக இந்த டம்ளர். இட்லி மாவு அரைத்து விற்கிற அக்கா வாங்கிக்கொள்ளட்டும்.

இனி பெரிய டம்ளர்கள்.

2025ஆம் ஆண்டின் சிறந்த படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. (பலத்த கைதட்டல்)

மே தினத்தில் வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு முதல் படம். இலங்கையில் பிழைக்க முடியாமல் சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளோடு கடல் கடந்து ராமேஸ்வரத்தில் இறங்குகிறார்கள். கையில் பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறார்கள். அங்கே அவர்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து எது தெரியுமா? வாயைத் திறந்தால் இலங்கைத் தமிழ் வந்துவிடும். வந்தால் அகப்பட்டுக்கொள்வார்கள். தாய்மொழியைத் தாய்மொழிக்காரர்கள் நடுவிலேயே மறைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

தோழர்களே, இது கடல் கடந்த கதை என்று நான் பார்க்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரி நதிநீர்த் தீர்ப்பைச் சாக்காக வைத்துக் கலவரம் நடந்தபோது நான் இளைஞன். என் அம்மா எங்களை உட்கார வைத்து, "பஸ்ஸில் அம்மா என்று கூப்பிடாதே, கூப்பிட்டால் பக்கத்தில் வந்து மெதுவாகக் கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்தாள். 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்தபோது அதே பாடத்தை நான் என் பெண்ணுக்குச் சொன்னேன். நான் சொல்லும்போது என் அம்மா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் தியேட்டரில் சிரித்துக்கொண்டே நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் படம் முக்கால்வாசி சிரிப்புப் படம். அந்தக் குடும்பத்தை யாரும் அடிப்பதில்லை. காலனிக்காரர்கள் ஒவ்வொருவராக அவர்களுக்குச் சொந்தமாகிறார்கள். நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கிறார்கள். நடந்திருக்கிறது. 1991இல் மூன்று நாள் எங்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் வைத்துச் சோறு போட்டது ஒரு கன்னடக் குடும்பம்தான். அந்தச் சோறும் கலவரத்தோடு சேர்ந்தே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த டம்ளரை நம்மில் வயதில் மூத்த அம்மா, கூடத்தின் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், வாங்கிக்கொள்வார். யாராவது கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் மேடை ஏற முடியாது.

இப்போது நான் விதியை மீறின டம்ளர். தியேட்டரில் பார்க்க முடியாமல் போன படத்துக்கான விருது, 'தக் லைஃப்'. (சிரிப்பு, சலசலப்பு)

சலசலப்பு வேண்டாம், பொறுமையாகக் கேளுங்கள். மணிரத்னமும் கமல்ஹாசனும் 1987இல் 'நாயகன்' எடுத்தார்கள். பம்பாய்க்குப் பிழைக்கப் போன தமிழர்களின் கதை. முப்பத்தெட்டு வருஷம் கழித்து இரண்டு பேரும் மறுபடி சேர்ந்தார்கள். பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழன் அதைத் தியேட்டரில் பார்க்க முடியவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியும். மே 24ஆம் தேதி சென்னையில் பாட்டு வெளியீட்டு விழா. விருந்தாளியாக வந்தவர் சிவராஜ்குமார். அவரைப் பாசத்தோடு பாராட்டப் போய், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டால்தான் படம் என்றது கர்நாடக பிலிம் சேம்பர். உயர் நீதிமன்றமும் மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்ற தோரணையில் பேசியது. அவர் கேட்கவில்லை. ஜூன் 5ஆம் தேதி உலகமெல்லாம் படம் வந்தது, இங்கே வரவில்லை. ஜூன் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தணிக்கையான படத்தைக் கும்பல் மிரட்டித் தடுக்க விட முடியாது என்று கண்டித்தது. பாதுகாப்புக் கொடுப்போம் என்று மாநில அரசும் சொல்லிற்று. அதற்குள் மற்ற ஊர்களிலேயே படம் தூக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இதில் என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் காபி நேரத்தில் என்னோடு சண்டை போடலாம். கமல் சொன்னது சரியல்ல. தமிழும் கன்னடமும் ஒரே பழைய தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்றுதான் மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். அக்காள் தங்கையைப் பெற முடியாது. அவர் பெரிய கலைஞர், என் வீட்டில் அவர் படம் மாட்டியிருக்கிறது. ஆனாலும் அது தப்பு. அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: பேசியவர் வாய்க்குப் படம் பார்க்க வந்தவன் கண்ணைக் கட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. ஒரு பேச்சுப் பிடிக்கவில்லையென்றால் பதில் பேசலாம். படம் பார்க்காமல் இருக்கலாம். அடுத்தவனைப் பார்க்கவிடாமல் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

இது முதல் தடவையும் அல்ல. 2000இல் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய 108 நாளும் இந்த ஊரில் தமிழ்ப் படம் ஓடவில்லை. ராஜ்குமாரின் காஜனூரோ தமிழ்நாட்டு எல்லைக்குள், தாளவாடிப் பக்கம் இருக்கிறது. ஆளைக் கடத்தினது ஒரு காட்டுக் கொள்ளைக்காரன், பதில் சொன்னது சிவாஜிநகர்க் கூலிக்காரன். 2008இல் ஒகேனக்கல் விவகாரம், 'குசேலன்' வருவதற்கு ரஜினி வருத்தம் தெரிவித்தார். 2017இல் 'பாகுபலி' இரண்டாம் பாகத்துக்காக சத்யராஜ் வருத்தம் தெரிவித்தார். 2018இல் 'காலா'. நட்சத்திரங்களுக்கு அது வசூல் கணக்கு. மேடையில் ஒருவர் பேசுவார், கை தட்டுவார்கள்; அவர் காரில் ஏறிப் போய்விடுவார். மறுநாள் காலையில் என் ஆட்டோவில் ஏறுகிறவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் ஏறினவர் கண்ணாடிக்கு மேலே இருந்த ரஜினியைப் பார்த்துவிட்டு, "நீவு தமிளரா?" என்றார். "ஹௌது ஸார், இல்லே ஹுட்டித்து" என்றேன். ஆமாம் ஸார், பிறந்ததே இங்கேதான் என்று அர்த்தம். கமலைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று என் கை ஹாண்டில்பாரில் இறுகிற்று. அவர், "சங்கர் நாக் படம் நல்லா இருக்கு, எங்கே ஒட்டினே?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து விநாடி இருக்கிறதே, அதற்குத்தான் இந்த டம்ளர்.

படம் எப்படி என்று கேட்பீர்கள். ஓசூர் போய்ப் பார்த்து வந்த என் அக்காள் மகன், பஸ் காசு வீண் என்றான். ஜூலை 3ஆம் தேதி நெட்பிளிக்ஸில் வந்தது. அங்கே அத்திப்பள்ளி செக்போஸ்டும் இல்லை, சேம்பரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பார்த்தேன். பார்த்துவிட்டு மனைவியிடம், "இந்தப் படத்துக்கா இவ்வளவு?" என்றேன். (பலத்த சிரிப்பு)

இதோடு சேர்த்தே கொடுக்க வேண்டிய ஒரு டம்ளர் இருக்கிறது. ஜூலை 25ஆம் தேதி 'சு ஃப்ரம் சோ' என்று ஒரு கன்னடப் படம் வந்தது. ஜே.பி. துமினாடு இயக்கம், ராஜ் பி. ஷெட்டி தயாரிப்பு. பெரிய நட்சத்திரம் கிடையாது. கடலோரக் கிராமத்தில் ஒருவனுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று ஊரே நம்புகிற கதை. எங்கள் வீட்டுக்காரம்மா, கன்னடக்காரர், "வாங்க எல்லாரும் போலாம்" என்று தம் செலவில் எங்களைக் கூட்டிப் போனார். ஓசிப் படத்துக்கு விருது இல்லை என்ற விதி இங்கேயும் மீறப்படுகிறது. ஆக இரண்டு மீறல், தலைவர் மன்னிக்க வேண்டும். தியேட்டரில் நாங்களும் அவர்களும் ஒரே இடத்தில் சிரித்தோம். கடலோரக் கன்னடம் எனக்குச் சில இடத்தில் புரியவில்லை. அந்த அம்மாவைக் கேட்டால் அவருக்கும் அதே இடத்தில் புரியவில்லை! கமல் விஷயம் நடந்து அதிக நாள் ஆகவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அந்த டம்ளரை நாளைக்குப் பொங்கலோடு அவர் வீட்டில் கொடுத்துவிடுவேன்.

கடைசி டம்ளர். இதில் பெயர் இல்லை. தூக்கிக் காட்டுகிறேன், பாருங்கள்.

ஆகஸ்ட் 28ஆம் தேதி 'லோகா' என்ற மலையாளப் படம் வந்தது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்தது. கதை நடக்கிற ஊர் எது? நம் பெங்களூர். அதில் போலீஸ் இன்ஸ்பெக்டராக வருகிறவர் நம் சாண்டி மாஸ்டர். பெங்களூர்ப் பெண்களைப் பற்றிய ஒரு வசனத்தால் இங்கே மனவருத்தம் வந்தது, தயாரித்தவர்கள் உடனே மன்னிப்புக் கேட்டு வசனத்தையும் சரி செய்தார்கள், படம் ஓடிற்று. அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மலையாளத்துக்காரர்கள் நம் தெருவில் வந்து படம் எடுக்கிறார்கள். தமிழ்ப் படத்தில் பெங்களூர் என்றால் என்ன? கம்ப்யூட்டர் கம்பெனிக் கண்ணாடிக் கட்டடம், ஒரு காபிக் கடை, காதல் தோல்வி. முடிந்தது.

வெளியூர்த் தமிழனுக்குப் படமே இல்லையா என்றால், உண்டு. தாராவிக்கு 'நாயகன்', 'காலா' இரண்டும் உண்டு. மலேசியாவுக்கு 'கபாலி'. தேயிலைத் தோட்டத்துக்கு 'பரதேசி'. 2024இல் பா. ரஞ்சித் 'தங்கலான்' எடுத்தார். வட ஆற்காட்டு ஜனங்கள் கோலாருக்குத் தங்கம் தோண்டப் போன காலத்தின் கதை. அந்தச் சுரங்கம் 2001இல் மூடினபின் அந்தப் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூர் வேலைக்கு வந்து போவதை நான் பார்க்கிறேன். போன வருஷம் பெரிய டம்ளர் அந்தப் படத்துக்குத்தான். கோலார் வரைக்கும் வந்த ரஞ்சித், இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர் வந்திருக்கலாம்! (கைதட்டல்)

கதை இல்லையா நம்மிடம்? பின்னி மில்லில் வேலை செய்தவர்கள் இந்தக் கூடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையை வைத்துவிட்டு, 1991இலிருந்து 2009 ஆகஸ்ட் 9 வரைக்கும் பதினெட்டு வருஷம் திறக்காமல் மூடியே வைத்திருந்தார்கள். சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறப்பது என்று பேசி முடித்தபிறகுதான் வள்ளுவர் வெளியே வந்தார். அந்தச் சிலையைக் கடந்து தினமும் வேலைக்குப் போன ஒரு குடும்பத்தைப் பற்றி எடுத்தால் போதாதா?

இல்லை, அதுகூட வேண்டாம். 2016 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். பி.எப். பணத்தை ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் முழுவதும் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி போட்டது. கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிஷினை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, எந்தத் தலைவரும் முன்னால் நிற்கவில்லை. ஓசூர் ரோடு நின்றது. கன்னடப் பெண், தமிழ்ப் பெண், தெலுங்குப் பெண் எல்லோரும் ஒரே கோஷம். தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை போட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் அரசு விதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. என் மனைவி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தாள். மற்றச் செருப்பை அவள் இன்னும் எறியவில்லை. அந்த ஒரு நாளை மட்டும் எடுத்தாலே இடைவேளை வரைக்கும் படம் ஓடும். மீதிப் பாதிக்கு உங்கள் வீட்டுக் கதைகள் இருக்கின்றன.

சிவாஜிநகரில் பெயர் வெட்டுகிறவர் இந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னண்ணா வெட்ட?" என்று கேட்டார். "படத்து பேரு இன்னும் தெரியலே, இடம் விடு" என்றேன். "வருஷமாவது போடட்டுமா?" என்றார். "அதுவும் வேண்டாம்" என்றேன். அடியில் சங்கத்தின் பெயரை மட்டும் வெட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இதைச் சங்க அலமாரியில் வைக்கிறேன். அதுவரைக்கும் செயலாளர் இதில் பேனா போட்டு வைத்துக்கொள்ளட்டும்.

காபி வந்துவிட்டது, வாசனை அடிக்கிறது. டம்ளர் கிடைத்தவர்கள் அதிலேயே வாங்கிக் குடிக்கலாம்.